கமீலா பார்க்கப்போகும் ஏழு இடங்கள்

மருதமுனை
17 ஏப்ரல் 2025

மச்சான் றஸாக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் ராத்தா கமீலாவுக்கு அனுப்பிய கடிதத்தை நான் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்தேன். கிழிக்கவில்லை, அந்தளவு மரியாதை எனக்கு இருக்கிறது. கமீலா பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். மகள் நிப்லா முன் வீட்டிலிருந்து கூப்பிட, அடுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். பானை ஆவியில் உறையைப் பிடித்தேன். ஒட்டு இளகி உறை வாயைத் திறந்தது. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பிறகு ஆசை கூடிவிட்டது. உள்ளே இருந்ததையும் அடுப்படியிலேயே நின்று வாசித்தேன். உங்கள் கிராமசபை சீல் குத்திய அழைப்புக் கடிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் கமீலாவின் பெயர் மட்டும் இருந்தது. என் பெயர் மறுபக்கத்தில் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வெள்ளை.

ஆனால் நீங்கள் நீல மைப் பேனையால் எழுதிய மற்றத் தாள், பிரான்சில் ராத்தா எந்தெந்த நாள் எந்தெந்த இடம் பார்ப்பா என்ற தாள், ஆவியைக் குடித்துவிட்டது. மை ஓடி ஓடிக் கடைசியில் கடல் மாதிரி ஆகிவிட்டது. நான் இடுப்பில் கட்டும் சாரனைக் காயப்போடும் கொடியில் போட்டுக் காயவைத்தேன். இப்போது வாசிக்க முடிவது நாலு சொல்: கோட்டை, மாடு, ஆறு, உருண்டை. இந்த நாலையும் வைத்து ஒருத்திக்கு விசா எடுக்க ஏலாது என்று எனக்கே தெரியும்.

ஜூன் இருபத்துநாலாம் திகதி கொழும்பில் அவளுக்கு நேர்முகம். எங்கே எங்கே போவாய் என்று கேட்பார்களாம். கடிதம் வந்ததே அவளுக்குத் தெரியாது. தாளைத் திரும்ப எழுதி என் சைக்கிள் கடை விலாசத்துக்கு அனுப்புங்கள். போனில் கேட்டிருப்பேன், என் நம்பரைத்தான் அடைத்து வைத்திருக்கிறீர்களே. கமீலாவின் போனுக்கு அனுப்பினால் நான் செய்த வேலை தெரிந்துவிடும்.

ஏன் பிரித்தேன் என்று கேட்பீர்கள். நிப்லாவின் கலியாணத்துக்குப் பிறகு, எட்டு மாதத்தில், உங்கள் கையெழுத்து எங்கள் வளவுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. என்னைப் பற்றி ஒரு வரி, ஏச்சாவது இருக்கும் என்று நினைத்தேன்.

நீங்கள் அகதியாகப் போனவர், இங்கே வர முடியாத ஆள். அவள்தான் வரவேண்டும். பதின்மூன்று வருடமாகத் தம்பியைப் போன் கண்ணாடிக்குள் மட்டும் பார்க்கிறாள். என் மேல் உள்ள கோபத்தை அந்தத் தாளில் காட்டாதீர்கள்.

அப்துல் ஸமட்

*

டோர்டோன் ஆற்றங்கரை, பிரான்ஸ்
2 மே 2025

அப்துல் ஸமட் அவர்களுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

பிறருடைய கடிதத்தைப் பிரிப்பது இந்த நாட்டில் குற்றம். அந்த நாட்டிலும் குற்றம்.

மகளின் கலியாண நாளில் நான் கோட் போட்டுக் கோட்டைக்கு முன்னால் நின்று போன் வீடியோவில் வாழ்த்துச் சொல்ல வந்தேன். நீங்கள் போனைப் பறித்து அதைச் சம்பந்தி வீட்டாருக்குக் காட்டி, "மச்சான் வாசலுக்கு வெளியதான் நிக்கார், உள்ளுக்கு விடமாட்டாங்க" என்றீர்கள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு உங்கள் குரலைக் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். கடிதத்துக்குக் குரல் இல்லாதபடியால் இதை எழுதுகிறேன்.

பட்டியலைத் திரும்ப எழுதுகிறேன். இம்முறை குமிழ்முனைப் பேனை. ஆவிக்குக் கரையாது. பரிசோதிக்க வேண்டாம்.

செப்டம்பர் இருபதாம் திகதி ராத்தா வந்திறங்குவா. இரண்டு நாள் ஓய்வு. பிறகு குன்றின் உச்சியில் கம்பீரமாக எழுந்து நிற்கும் எண்ணூறு வருடக் கோட்டை. அடுத்தது ஓவியக் குகை, பல்லாயிரம் வருடங்களுக்கு முன் மனிதன் வரைந்த காட்டு மாடுகளும் குதிரைகளும் உள்ளது. மனித மூச்சுப் பட்டு ஓவியம் கெடுவதால் அசல் குகையைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் அச்சொட்டாக இன்னொன்று செய்து அதைத்தான் காட்டுகிறார்கள். பிறகு தட்டைப் படகில் மனம் மயக்கும் ஆற்றுச் சவாரி. சனிக்கிழமை, கிராமியச் சுவை ததும்பும் சந்தை. ஆற்று நீரால் கற்சக்கரம் சுழன்று வால்நட் கொட்டையில் எண்ணெய் எடுக்கும் ஆலை. அமைதி தவழும் பழைய மடாலயம். நிறைவாக, செடிகளை உருண்டையாகவும் முட்டையாகவும் கத்தரித்து வைத்திருக்கும் தோட்டம். எல்லாம் குடும்பத்தோடு கண்டு களிக்க ஏற்ற இடங்கள்.

இரவில் எந்நாளும் என் வீட்டில்தான் தங்குவா. வீட்டில் ஒரு மேலதிகக் கட்டில்தான் உண்டு. அழைப்பில் ஒரு பெயர் மட்டும் இருப்பதற்கு அதுதான் காரணம், வேறு காரணமும் உண்டு.

ராத்தா இதைப் பாடமாக்கட்டும். நீங்கள் கருத்து எதுவும் சொல்ல வேண்டாம்.

றஸாக்

*

மருதமுனை
19 மே 2025

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

தாள் கிடைத்தது. பழைய உறைக்குள் வைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அன்றைக்குத்தான் வந்ததுபோல் கமீலாவின் கையில் கொடுத்தேன். உறையை மோந்து பார்த்துவிட்டு, "தம்பிட காயிதத்தில என்ன பிட்டு மணக்கிது?" என்று கேட்டாள். அங்கேயும் அவிப்பார்கள் என்றேன். நல்லவேளை, சந்தோஷத்தில் இருந்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து வாசித்தாள்.

கருத்துச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ராத்தாவிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அசலைப் பூட்டி வைத்துவிட்டு நகலைக் காட்டி டிக்கட் விற்கிறார்களாம். கல்முனை பஸாரில் ஒருத்தன் மணிக்கூட்டில் இதே வேலையைச் செய்து அவனைப் பொலிஸ் கொண்டுபோனது. ஒலுவிலில் கடல் வந்து கரையைத் தின்னுகிறது, அசல் கடல், அசல் கரை, அதைப் பார்க்க ஒருவரும் டிக்கட் கேட்பதில்லை. செடியை முட்டையாக வெட்டும் ஊரில் கோழிக்கு என்ன வேலை என்றும் யோசித்தேன். யோசித்ததோடு விட்டுவிட்டேன்.

பாடமாக்குவது நடக்கிறது. காலையில் நான் சைக்கிள் டியூப் ஒட்டிக்கொண்டிருக்கும்போது தேத்தண்ணியோடு வந்து முன்னால் நிற்பாள். நான் "மூன்றாம் நாள்?" என்பேன். "கோட்டை" என்பாள். "ஐந்தாம் நாள்?" "மாடு." நல்ல மூளை. ஆனால் இரண்டாம் நாளே கேள்வி வந்துவிட்டது.

"இந்தக் கோட்டைல ஆரு இரிக்காங்க?"

ஒருவரும் இல்லை, சும்மா பார்க்கிற இடம் என்றேன். ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தாள்.

"ஆளில்லாத வீட்டப் பாக்கிறதுக்கா மலை ஏறுற? தம்பிக்குத்தான் விளங்கல்ல, உங்களுக்குமா விளங்கல்ல?"

மச்சான், அவள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. நம்மட ஆள்கள் ஒரு இடத்துக்குப் போகிறோம் என்றால் அங்கே ஒரு ஆள் இருக்கவேண்டும். உள்ளே வாங்க என்று கூப்பிட வேண்டும். ஆளில்லாத இடமென்றால் அவளுக்குப் பாடமாகாது, கொழும்பில் போய்த் திக்குவாள். ஆகவே கோட்டைக்கு நான் ஒரு ஆளை வைத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, நேர்முகம் முடியட்டும், சொல்கிறேன். அன்றிலிருந்து பாடம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

இன்னொன்று. நேற்று அவள் தறிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாரனும் சால்வையும் தெரிந்தெடுத்துக்கொண்டு வந்தாள். யாருக்கு இவ்வளவும் என்று கேட்டேன். "ஏழு இடத்துக்குப் போகச் சொல்லி எழுதிரிக்கார். வெறுங்கையோட போற எப்புடி?" என்றாள்.

அப்துல் ஸமட்

*

டோர்டோன் ஆற்றங்கரை
5 ஜூன் 2025

அப்துல் ஸமட் அவர்களுக்கு,

கோட்டைக்கு ஒரு ஆளை வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விளங்கவில்லை. கோட்டைக்கு ஆள் வைப்பது அந்தச் சபையின் வேலை.

முந்தநாள் ராத்தா போனில் கதைத்தபோது, "கோட்டைல முழங்கால் நோவு எப்படி இரிக்கி" என்று கேட்டா. ஏறினால் நோகத்தான் செய்யும், படி அதிகம் என்றேன். "பாவம்" என்றா. பிறகு, ஆற்றுப் படகுக்கு ஆறு சால்வை போதுமா என்று கேட்டா. செப்டம்பரில் ஆற்றில் குளிர்காற்று இருக்கும், ஒரு சால்வை போதும் என்றேன். "ஆறு பிள்ளைக்கும் ஒண்டா?" என்று கேட்டு வைத்துவிட்டா.

ராத்தாவுக்குச் சுகம்தானே? சுகமில்லையென்றால் மறைக்காமல் எழுதவும். பயணக் கவலையில் நித்திரை குறைந்திருக்கலாம்.

றஸாக்

*

மருதமுனை
27 ஜூன் 2025
வேகத் தபால்

மச்சான்,

ராத்தாவுக்குச் சுகம். சுகமில்லாதது எனக்குத்தான். இதை நின்றுகொண்டு வாசிக்காதீர்கள், எங்காவது உட்காருங்கள்.

அவள் கேட்கக் கேட்க நான் ஏழு இடத்துக்கும் ஆள் வைத்துவிட்டேன். கோட்டையில் ஒரு வயதான பொம்பிளை, புருஷன் மௌத்தாகிவிட்டார், முழங்கால் நோவு, படியிறங்க ஏலாது. குகையில் ஒரு மனிதன், காலம் முழுக்க மாடு வரைகிறான், ஒருவரும் வாங்குவதில்லை. படகோட்டிக்கு ஆறு பெண்பிள்ளைகள், இன்னும் ஒன்றையும் கட்டிக்கொடுக்கவில்லை. எண்ணெய் ஆலையில் இரண்டு சகோதரர்கள், ஒரு சக்கரத்தின் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்கிறார்கள், ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. தோட்டத்தில் ஒரு பாபர், தலைமயிர் வெட்ட ஆள் வராததால் செடிக்கு மாறியவர். சந்தைக்காரியையும் மடாலயத்துப் பெரியவரையும் பற்றி எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. விளையாட்டுக்குத்தான் தொடங்கினேன். அவள் முகம் மலர்ந்தது, நிறுத்த மனம் வரவில்லை. கொழும்புக்குப் போகும் வழியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் அவள் படகோட்டியின் மூத்த பிள்ளைக்கு மாப்பிள்ளை யோசித்துக்கொண்டு வந்தாள். சொல்ல ஏலாமல் போய்விட்டது.

என்னை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம். சிரித்த முகத்தோடு வந்தாள். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல தமிழ்ப் பிள்ளையாம், இடங்களைக் கேட்டதாம், இவள் ஏழையும் ஒப்புவித்தாளாம். ஆள்களோடு சேர்த்து.

"அவங்கெல்லாம் உங்களுக்கு ஆரு?" என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது.

"இன்னும் ஆருமில்ல, மகள். போய்த்தான் சொந்தமாகணும்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் வீட்டிலும் தங்குவீர்களா என்று அடுத்த கேள்வி. அதற்குச் சொன்ன பதிலைத்தான் கல்முனை வரும்வரை எனக்குப் பெருமையாகத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்: "நிண்டுட்டுப் போங்க எண்டு சொன்னா நிக்கத்தானே வேணும். இல்லாட்டி மனம் நோகும்."

விண்ணப்பத்தை நிரப்பியது கொம்யூனிகேஷன் கடை ஜவாத். அவனுடைய ஈமெயிலுக்கு இன்றைக்குப் பதில் வந்தது. அவன் வாசித்துத் தமிழில் சொன்னான். விண்ணப்பதாரி ஏழு வீடுகளில் தங்கப்போவதாகச் சொல்கிறா, அழைப்பில் இருப்பது ஒரு வீடு, மற்ற ஆள்கள் யார் என்றும் எங்கே தங்குவா என்றும் முப்பது நாளுக்குள் எழுத்தில் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும். அழைத்தவர் கையெழுத்தோடு அசல் தாள் வரவேண்டுமாம்.

கமீலாவுக்குச் சொல்லவில்லை. முன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் இருக்கும் பின்னால் இரண்டு அறை வீட்டில் ஒரு அறை முழுக்கப் பார்சல் கட்டி, மேலே பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். கோட்டைப் பொம்பிளைக்கு மூட்டு நோவு எண்ணெய் இரண்டு போத்தல் வைத்திருக்கிறாள்.

என் வாய் போன வருடம் உங்களை வெட்கப்படுத்தியது. அதே வாய் இந்த வருடம் அவளை உங்களிடம் வரவிடாமல் செய்யப்போகிறது. பகிடி விட்டால் எல்லோரும் சிரிப்பார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இதில் சிரிக்க ஒருவரும் இல்லை, நானும் சிரிக்கவில்லை.

ஏசுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் விளக்கத்தை முதல் தாளில் எழுதுங்கள். ஏச்சை இரண்டாம் தாளில் எழுதுங்கள்.

ஸமட்

*

டோர்டோன் ஆற்றங்கரை
11 ஜூலை 2025
வேகத் தபால்

ஸமட் மச்சானுக்கு,

இது இரண்டாம் தாள். ஏச்சு எழுத வேண்டிய தாள். வாசித்த அன்று எழுதியிருந்தால் பத்துத் தாள் வந்திருக்கும்.

விளக்கத்தை எழுதிக்கொண்டு கிராமசபைக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா இரண்டு தரம் வாசித்துவிட்டு, நீ மட்டும் சொன்னால் போதாது, அந்த ஏழு இடத்தாரும் எழுதிக் கொடுத்தால்தான் நம்புவார்கள் என்றா. நான் வேலை செய்யும் சுற்றுலாக் கூடார முகாமின் முதலாளியிடம் ஒன்றரை நாள் லீவு கேட்டேன். பதின்மூன்று வருடத்தில் ஜூலை மாதம் நான் லீவு கேட்டது கிடையாது. யார் மௌத்து என்று கேட்டார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராத்தாவுக்கு நான் எழுதிய பட்டியல் முகாம் வரவேற்பறையில் அடுக்கி வைத்திருக்கும் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து எழுதியது. கம்பீரமாக எழுந்து நிற்கும் என்பதெல்லாம் அதில் உள்ளது. அந்த ஏழு இடத்தில் ஒன்றுக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. சுற்றுலாக்காரர் வரும் காலத்தில் எனக்குக் கூடாரம் அடிக்கவும் குளியலறை கழுவவும் வேலை. அவர்கள் போகும்போது அந்த இடங்களும் பூட்டிவிடும். நிப்லாவின் கலியாணத்தன்று நீங்கள் சொன்னது உண்மை. நான் வெளியேதான் நின்றேன். உள்ளே விடமாட்டார்கள் என்பது மட்டும் உண்மையில்லை. நான் ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. நீங்கள் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கோட்டை வாசலில் டிக்கட் கொடுப்பது மார்த்தீன் என்ற பெண், அறுபது வயதிருக்கும். எல்லாவற்றையும் சொல்லித் தாளைக் கொடுத்தேன். வாசித்து, கண்ணாடியைக் கழற்றி, இருமல் வரும்வரை சிரித்தா. பிறகு இரண்டு திருத்தம் சொன்னா. தான் விதவை இல்லை, கலியாணமே செய்யவில்லை. முழங்காலில் ஒன்றுமில்லை, வலது தோளில்தான் நோவு. அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டு, டிக்கட்டுக்குக் குத்தும் சீலையும் குத்தினா. என் பெயரைக் கேட்டா. கோட்டையைச் சுற்றிக் காட்டினா. உள்ளே பெரிய அடுப்பு ஒன்று இருக்கிறது, முழு மாட்டைச் சுடலாம்.

படகோட்டி ஜெரோமுக்குப் பெண்பிள்ளைகள் இல்லை, பிள்ளையே இல்லை. ஆறு பிள்ளைக் கதையை நான் சொன்னபோது கொஞ்சம் கவலைப்பட்டார். குகையில் ஒரு இளம்பெண், வரையத் தெரியாது என்று எழுதியே தந்தாள். தோட்டக்காரர் பாபர் இல்லை, அவருக்குத் தலையில் முடியும் இல்லை. மடாலயக் கதவுத் திறப்பை வைத்திருப்பவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். சந்தையில் வெண்ணெய்க்கட்டி விற்பவரின் சீலில் ஆட்டுத் தலை இருக்கிறது, அதையும் குத்தித் தந்தார்.

எண்ணெய் ஆலை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. இரண்டு சகோதரர்கள். கதைப்பதில்லை. இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட மறுத்ததால் இரண்டு தாள் இருக்கிறது. கல்முனைப் பக்கத்தில் இருக்கும் ஆளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று தனித்தனியாகக் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை.

என் விளக்கமும் இந்த எட்டுத் தாளும் முதல் உறைக்குள் இருக்கின்றன. பகலில் வந்து போவா, இரவில் தம்பி வீட்டில் தங்குவா என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஜவாத்திடம் இன்றே கொடுக்கவும். ராத்தாவிடம் உண்மையைச் சொல்லவும்.

உங்கள் நம்பரை இன்னும் திறக்கவில்லை. கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் நீங்கள் சிரிக்கும் சத்தம் கேட்பதில்லை, அது வசதியாக இருக்கிறது.

றஸாக்

*

மருதமுனை
6 ஆகஸ்ட் 2025

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

விசா வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். தாள்களை ஜவாத் கொழும்புக்கு அனுப்பிப் பதினைந்தாம் நாள். பாஸ்போட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கமீலா சத்தமில்லாமல் அழுதாள். நான் கடைக்குப் போய், காற்று நிறைந்த டயருக்குத் திரும்பக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையை அதற்கு முன்பே சொன்னேன், உங்கள் கடிதம் வந்த அன்றே. உறையை ஆவியில் பிடித்ததிலிருந்து தொடங்கினேன். கொஞ்சமும் குறைக்கவில்லை. பார்சல்களுக்கு நடுவில் உட்கார்ந்து முழுதும் கேட்டாள். எழும்பி அடிப்பாள் என்று நினைத்தேன். முதலில் கேட்டது இதுதான்:

"அப்ப அந்த மனிசிக்குத் தோள்தானா நோவு?"

ஓம் என்றேன்.

"ரெண்டு மாசமா முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்ச வெச்சிட்டீங்களே."

பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு வைப்பாள், தேத்தண்ணி வைப்பாள், கதையில்லை. மச்சான், உங்களுடைய எட்டு மாதம் தூரத்தில் இருந்தது, தாங்கினேன். இது ஒரே அறைக்குள். நாலாம் நாள் காலையில் பார்சல்களை எல்லாம் அவிழ்த்துப் புதிதாகக் கட்டச் சொன்னாள், அதோடு பேச்சு வந்துவிட்டது. மார்த்தீனுக்கு வேறு எண்ணெய். ஆறு சால்வையில் ஒன்று குகைப் பிள்ளைக்கு, ஒன்று கிராமசபை அம்மாவுக்கு, மற்றவை கைக்கெட்டினவர்களுக்கு. ஜெரோமுக்குச் சாரன். பிள்ளை இல்லாத மனிதனுக்குப் பச்சைக் கோடு போட்ட நல்ல சாரனாகக் கொடுக்க வேண்டும் என்கிறாள், ஏன் பச்சை என்று நான் கேட்கவில்லை. ஆலைச் சகோதரர்களுக்கு ஒரே நிறத்தில் இரண்டு. மாறிப்போனால் ஒருவரையொருவர் கேட்டுத்தான் ஆகவேண்டுமாம்.

மச்சான், வாசலுக்கு வெளியே நிற்கிறார் என்று சொன்னது பிழை. இதை நான் போனில் சொல்லியிருந்தால் பின்னால் ஒரு பகிடி வந்திருக்கும். கடிதம் நல்லது, எழுதின பிறகு தாளை மடித்துவிடலாம்.

செப்டம்பர் இருபதாம் திகதி விமான நிலையத்துக்கு வந்து அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் காண்கிறவர்களை எல்லாம் சுகம் விசாரிப்பாள். விட்டுவிட்டு நடந்துவிடாதீர்கள்.

ஸமட்

*

டோர்டோன் ஆற்றங்கரை
29 செப்டம்பர் 2025

ஸமட் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ராத்தா சுகமாக வந்து சேர்ந்தா. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை. கன்னத்தைக் கையால் தொட்டு, மறுகா மற்றக் கன்னத்தையும் தொட்டு, "மெலிஞ்சிட்டாய்" என்றா. பதின்மூன்று வருடத்தில் நான் பதினொரு கிலோ கூடியிருக்கிறேன். அதைச் சொல்லவில்லை. கார் நிறுத்துமிடம் வரைக்கும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தா.

முதல் இரண்டு நாளும் ஓய்வு என்று பட்டியலில் இருந்தது. முதல் நாளே என் அடுப்படியை மாற்றி அடுக்கினா. மூன்றாம் நாள் கோட்டை. மார்த்தீன் வாசலில் காத்துக்கொண்டு நின்றா. அவவுக்குத் தமிழ் தெரியாது, ராத்தாவுக்கு அந்த மொழி தெரியாது. நான் நடுவில் நின்று மொழிபெயர்க்கப் போனேன், இரண்டு பேரும் என்னைப் பார்க்கவே இல்லை. டிக்கட் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தோளில் எண்ணெய் தேய்த்தார்கள். அரை மணித்தியாலம் டிக்கட் கொடுப்பதற்கு ஆளில்லாமல், வரிசையில் நின்றவர்களுக்கு நான் கொடுத்தேன். கோட்டைக்கு மேலே ஏறிப் பார்க்கச் சொன்னதற்கு, "பாக்க வந்த ஆளப் பாத்தாச்சி" என்று சொல்லிவிட்டா.

ஆலையில் இரண்டு சாரனும் மாறித்தான் போனது. அது பற்றி அவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

அழைப்புக் கடிதத்தில் இரண்டு பெயர் எழுத இடமிருக்கிறது என்று கிராமசபை அம்மா சொன்னா. வசந்த காலத்தில் நான் இன்னொரு கட்டில் வாங்க யோசிக்கிறேன். உங்கள் பிறந்த திகதியை அடுத்த கடிதத்தில் எழுதவும். நம்பரை நேற்றுத் திறந்துவிட்டேன். உடனே எடுக்க வேண்டாம்.

மழையால் தள்ளிப்போட்ட ஆற்றுப் படகு இன்று. ஜெரோமுக்கு ராத்தா பச்சைக் கோட்டுச் சாரனைக் கொடுத்தா. உடனே கட்ட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். படகுக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய், காற்சட்டையைக் கழற்றச் சொல்லி, நான்தான் கட்டிவிட்டேன். நான் சாரன் கட்டிப் பல வருடம். ஆற்றின் நடுவில் நீர் இழுத்தது. அவர் கழியை இரண்டு கையாலும் ஊன்றினார். சாரன் கழன்று, காற்றில் விரிந்து, ஆற்றோடு போய்விட்டது. படகில் பதினொரு பேர் இருந்தோம். கழியை விட்டால் படகு திரும்பிவிடும், ஆகவே அவர் விடவில்லை. அந்த நேரம் கோட்டை கட்டிய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார், அதைச் சொல்லி முடித்தார். ராத்தா கரையில் நின்ற மரங்களைப் பார்த்தா. ஏதாவது கேள்வி உண்டா என்று அவர் கேட்டார். ஒருவருக்கும் இருக்கவில்லை.

றஸாக்